ஒத்திகையில் என் கையை மறைத்துவிட்டார்கள். நான் எழுந்திருக்க வேண்டுமா?

கேள்வி

எனக்கு வெண்புள்ளி. 11 வயதில் இடது முழங்காலில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஆரம்பித்தது. இப்போது 36 ஆகிறது. இரண்டு கைகளிலும் மணிக்கட்டைத் தாண்டித் திட்டுகள் பரவிவிட்டன. வாயைச் சுற்றி ஒரு வளையம், கழுத்தின் வலப்பக்கம் ஒரு பெரிய திட்டு. தொற்றாது, வலிக்காது. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் அந்த இடங்களில் இல்லாமல் போய்விட்டன, அவ்வளவுதான். இந்த மூன்று வரியை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை.

நான் நடிகை இல்லை, வரைபவள். இரண்டு வருடமாகத்தான் நிகழ்த்துகலைப் பக்கம் வந்திருக்கிறேன். இப்போது ஒரு நிகழ்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். மூன்று மணி நேரம். ஸ்லீவ்லெஸ் சட்டை போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் ஒரு சின்ன மேசை, அதன் மேல் நீல மைப் பேனா. வருகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து, என் உடம்பில் ஏதாவது ஒரு திட்டின் ஓரத்தைப் பேனாவால் வரையலாம். நான் பேசமாட்டேன், அசையமாட்டேன்.

ஏன் ஓரம் என்றால், என்னைப் பார்க்கிறவர்கள் யாரும் அதைப் பார்த்ததே இல்லை. வெள்ளையைப் பார்ப்பார்கள், உடனே கண்ணை எடுத்துவிடுவார்கள். பொறுமையாகப் பார்த்தால் அது ஒரு கரை மாதிரி இருக்கும். உள்ளே வளைந்து போகும், வெளியே நீட்டிக்கொண்டு வரும். முழங்கைக்குக் கீழே ஒரு திட்டின் நடுவில், மயிர்க்கால் இருக்கும் இடங்களில் மட்டும் பழுப்பு நிறம் புள்ளி புள்ளியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஒருவர் அதை வரைய வேண்டுமென்றால் கண்ணை எடுக்காமல் பார்த்தே ஆக வேண்டும். அந்தப் பார்வை எனக்கு வேண்டும்.

மேசையில் இன்னொரு பொருளும் வைத்தேன். 14 வயதிலிருந்து நான் பூசி வந்த மறைப்பு கிரீம், என் தோலின் நிறத்துக்குச் சரியாகப் பொருந்துவது. இரண்டு வருடத்துக்கு முன் நிறுத்திவிட்டேன். அதை என்ன செய்ய வேண்டும் என்று எதுவும் எழுதி வைக்கவில்லை. என் வாழ்க்கையில் இருந்த பொருள், அதனால் அங்கே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

போன வாரம் தெரிந்தவர்கள் 9 பேரை வைத்து ஒத்திகை பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் நான் நினைத்தபடியே போனது. ஒருவர் கழுத்துத் திட்டை வரைய 12 நிமிடம் எடுத்துக்கொண்டார். அவருடைய மூச்சு என் காதில் பட்டது. பிறகு, எனக்கு ரொம்ப நெருக்கமான ஒருத்தி வந்தாள். பேனாவைத் தொடவில்லை. கிரீமைத் திறந்து என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாகப் பூசினாள். அவ்வளவு அன்பாக. நகத்தின் ஓரத்தில்கூடப் படாமல், பார்த்துப் பார்த்து. முடித்ததும் மற்றவர்களிடம் கையைத் தூக்கிக் காட்டி, "இப்ப பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு" என்றாள். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அசையக்கூடாது என்பது நான் போட்ட விதி. நான் அசையவில்லை. எல்லோரும் போன பிறகு குழாயடியில் நின்று அரை மணி நேரம் தேய்த்தேன். மை போகவில்லை, கிரீம் போனது.

கேள்வி இதுதான். உடம்பை இப்படி மற்றவர்கள் கையில் கொடுப்பது எதிர்ப்பா, சரணடைவதா? கிரீமை எடுத்துவிடவா? அன்றைக்கு நான் எழுந்திருந்தால் நிகழ்வு உடைந்திருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

ஓவிய மாணவர்களுக்குக் கலை வரலாறு எடுக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்வையாளர்களிடம் ஒப்படைக்கும் நிகழ்வுகளில் எல்லோரும் சொல்லும் பெயர்கள் இரண்டு. யோகோ ஓனோவின் 'கட் பீஸ்', மரினா அப்ரமோவிச்சின் 'ரிதம் 0'. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். என் பார்வையில் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள்.

ஓனோ அதை முதலில் 1964-இல் கியோட்டோவில் செய்தார். மேடையில் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு கத்தரிக்கோல். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் உடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம். அதற்கு அவர் எழுதிய குறிப்பு சில வரிகள்தான். கலைஞர் அசையாமல் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதற்கு அடுத்தபடியாக, எப்போது முடிப்பது என்பது கலைஞரின் விருப்பம் என்றும் இருக்கிறது. இந்தக் கடைசி வரியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

1965-இல் நியூயார்க்கில், கார்னகி ரிசைட்டல் ஹாலில் செய்தபோது எடுத்த படம் இருக்கிறது. கிடைத்தால் பாருங்கள். ஒரு இளைஞன் மேடையேறி உள்ளாடையின் முன்பக்கத்தை வெட்டி, பட்டைகளையும் வெட்டுகிறான். ஓனோவின் கண்கள் மேலே போகின்றன, உதட்டைக் கடிக்கிறார், கைகள் எழுந்து மார்பை மூடிக்கொள்கின்றன. அசையக்கூடாது என்று எழுதியவரே அசைகிறார். நிகழ்வு அந்த இடத்தில் உடைந்துவிடவில்லை. என்னைக் கேட்டால், அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தாங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்கும். 2003-இல், 70 வயதில், பாரீஸில் அதே நிகழ்வை மறுபடி செய்தார். அதே கத்தரிக்கோல், அதே விதி, வேறு உடம்பு.

அப்ரமோவிச் 1974-இல் நேப்பிள்ஸில் செய்தது வேறு. மேசையில் 72 பொருட்கள். ரோஜா, இறகு, தேன், கத்தரிக்கோல், அறுவைக் கத்தி, ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டா. எதை வேண்டுமானாலும் என் மேல் பயன்படுத்தலாம், பொறுப்பு என்னுடையது என்று அறிவித்துவிட்டு 6 மணி நேரம் நின்றார். ஆரம்பத்தில் பூ கொடுத்தார்கள். போகப் போக உடையைக் கிழித்தார்கள், தோலைக் கீறினார்கள். துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டு அவர் கழுத்துப் பக்கம் திருப்பும் அளவுக்குப் போனது. நேரம் முடிந்ததும் அவர் நடக்கத் தொடங்கினார். கூட்டம் அவரை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் கலைந்து ஓடியது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இங்கே முடிவைத் தீர்மானித்தது கடிகாரம். ஓனோவிடம் அவரே. நீங்கள் மூன்று மணி நேரம் என்று எழுதியபோதே அப்ரமோவிச் வழியில் போய்விட்டீர்கள். ஆனால் உங்களுக்குத் தேவையானது, நீங்களே சொன்னதுபோல, பொறுமையான பார்வை. ஜனங்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்ற சோதனை உங்களுக்குத் தேவையே இல்லை. அது உங்கள் உடம்பில் ஏற்கெனவே 25 வருடமாக நடந்து முடிந்துவிட்டது.

கிரீமை எடுக்காதீர்கள். அதுதான் உங்கள் மேசையில் இருக்கும் கத்தரிக்கோல். பேனாவைவிட அதற்குத்தான் கனம் அதிகம். விதியை மட்டும் மாற்றுங்கள்: முடிப்பது உங்கள் விருப்பம்.

பதில் 2

மேலே எழுதியவர் நிறையப் படித்தவர், சரி. நான் கலைஞர் இல்லை. எனக்கும் வெண்புள்ளி, 51 வயது, முகம் முழுக்க. தங்கச்சியிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது தோலைப் பற்றி. அரை மணி நேரம் தேய்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே, படித்ததும் பதறிப்போனேன். நம் தோலுக்குக் கீறல், உராய்வு எதுவும் ஆகாது. அடிபட்ட இடத்தில் புதிய திட்டு வரலாம். கோப்னர் விளைவு என்று தோல் மருத்துவர்கள் சொல்வார்கள். என் இடுப்பைச் சுற்றி இருக்கும் பட்டை, பாவாடை நாடா இறுக்கிய இடம். கைக்கடிகாரம் கட்டிய இடத்திலும் வந்தது. தேய்த்துப் போக்க வேண்டிய மையை எடுத்துக்கொண்டு நல்ல தோலும் வெள்ளையும் சேரும் ஓரத்திலேயே கோடு போட விடுகிறாய். வேண்டாம். கண்ணுக்கு இடும் மென்மையான பென்சில் வைத்துக்கொள். எண்ணெய் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்தால் வந்துவிடும். பேனாவைத் தூக்கிப் போடு.

இரண்டாவது, மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. ஊரார் பார்வைக்கு நாம் எப்போதுமே திறந்துதான் கிடக்கிறோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போவார். முன்பின் தெரியாதவர் வந்து மருந்து சொல்வார். கடையில் மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைப்பார்கள். இதற்கெல்லாம் நாம் விதி போடவில்லை, நேரம் குறிக்கவில்லை. நீயாக ஒரு நாற்காலி போட்டு, பேசவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இன்னும் மூன்று மணி நேரம் ஏன் கொடுக்க வேண்டும்? நீ சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாயே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எனக்கு நிஜமாகவே புரியவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

கேட்டவர்

அக்கா, பேனாவை எடுத்துவிட்டேன். இன்றைக்கே.

இரண்டாவதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நேற்று ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பேசாமல் இருந்தது பயத்தில். இங்கே பேசாமல் இருப்பது நானே எடுத்த முடிவு என்று எழுத வந்தேன். ஆனால் அவள் கிரீம் பூசியபோது என் வயிற்றில் பிசைந்ததே, அது பள்ளிக்கூடத்தில் பிசைந்த அதே பிசைதல்தான். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

பதில் 3

தோழர், நான் நாடகக்காரன். மேடையில் 19 வருடம். அந்த அக்கா கேட்டதைத்தான் நானும் கேட்க இருந்தேன், கொஞ்சம் வேறு மாதிரி.

எதிர்ப்பு என்றால் எதிரில் யாராவது இருக்க வேண்டும். ரெஹினா ஹோசே காலிந்தோ என்ற குவாத்தமாலாக் கலைஞர் 2003-இல் ஒரு பாத்திரத்தில் மனித ரத்தத்தை எடுத்துக்கொண்டு, அதில் காலை நனைத்து நனைத்து, அரசியல் சாசன நீதிமன்றத்திலிருந்து தேசிய மாளிகை வரை வெறுங்காலில் நடந்தார். வழி முழுக்கச் சிவப்புக் காலடிகள். முன்னாள் சர்வாதிகாரி ரியோஸ் மோன்ட் அதிபர் தேர்தலில் நிற்க அந்த நீதிமன்றம் அனுமதி கொடுத்திருந்தது. எங்கிருந்து எங்கே நடந்தார் என்பதிலேயே எதிரி யார் என்று தெரிந்துவிடும். உங்களுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் கையில் கிரீம் பூசியவள் உங்கள் தோழி. அன்பாகத்தான் பூசினாள். அன்பை எதிர்ப்பது எப்படி என்பதுதான் உங்கள் நிகழ்வு. இது ரத்தத்தில் நடப்பதைவிடச் சுலபம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இதற்கு ஜேம்ஸ் லூனாவைப் பாருங்கள் என்று சொல்வேன். கலிஃபோர்னியாவின் லூயிசேனோ பழங்குடியைச் சேர்ந்தவர், 2018-இல் இறந்துவிட்டார். 1987-இல் சான் டியாகோவில் ஒரு மானுடவியல் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே, மணல் பரப்பிய ஒரு காட்சிப் பெட்டியில் இடுப்புத் துணியோடு படுத்துக்கொண்டார். பழங்குடிகளைச் செத்துப்போனவர்களாக மட்டுமே காட்டும் இடம் அது. பார்க்க வந்தவர்கள் குனிந்து பார்த்தால் மார்பு ஏறி இறங்குகிறது. அவருக்குப் பக்கத்தில் அருங்காட்சியக அட்டைகள் மாதிரியே சின்னச் சின்ன அட்டைகள், அவர் உடம்பிலிருந்த தழும்புகளுக்கு விளக்கம். குடித்துவிட்டு விழுந்தது, சண்டையில் வாங்கியது என்று. இன்னொரு பெட்டியில் அவருடைய சொந்தச் சாமான்கள், விவாகரத்துப் பத்திரம் உட்பட.

அவரும் பேசவில்லை, அசையவில்லை. ஆனால் அட்டைகள் பேசின. யாரோ ஒரு நிபுணர் எழுத வேண்டிய அட்டையை அவரே எழுதினார். அந்த அக்காவின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். பள்ளிக்கூடத்தில் உங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய அட்டையோடு உட்கார்ந்திருந்தீர்கள். இங்கே நீங்கள் எழுதிய அட்டையோடு உட்காருங்கள். முழங்கால் திட்டுக்கு ஒரு அட்டை. கழுத்துக்கு ஒன்று. கிரீமுக்கும் கட்டாயம் ஒன்று.

இன்னொன்று. ஒத்திகையை மறைக்காதீர்கள். தெஹ்சிங் ஷியே என்ற நிகழ்த்துகலைஞர் 1980 ஏப்ரல் 11 முதல் ஒரு வருடம், இரவு பகலாக மணிக்கு ஒரு முறை தொழிற்சாலை வருகைக் கடிகாரத்தில் அட்டையைக் குத்தினார். மொத்தம் 8,760 முறை குத்தியிருக்க வேண்டும். 133 முறை தவறிவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை. தூங்கிப்போனது 94, தாமதம் 29, முந்திக் குத்தியது 10 என்று பிரித்து எழுதி, பதிவோடு சேர்த்தே வைத்தார். அந்த 94 தூக்கம்தான் எனக்கு அந்த வருடத்தில் மிகவும் பிடித்த பகுதி. உடம்பு என்று ஒன்று அங்கே இருந்தது என்பதற்கு அதுதானே சாட்சி.

கேட்டவர் (ஆறு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. போன சனிக்கிழமை நிகழ்வு நடந்தது.

மென்மையான பென்சில் வைத்தேன். மூன்று மணி நேரம் என்பதை எடுத்துவிட்டு, நான் எழுந்தால் முடிந்தது என்று வாசலில் எழுதி ஒட்டினேன். அசையக்கூடாது என்பதும் போய்விட்டது. பேச்சில் ஒரே ஒரு சொல்லை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன்: வேண்டாம். அட்டைகள் ஏழு. எழுத எழுதத்தான் பெரிய வேலை இது என்று தெரிந்தது. முழங்காலுக்கு "11 வயது. முதலில் பார்த்தவள் நான்" என்று எழுதினேன். வாயைச் சுற்றியதற்கு மூன்று நாள் எடுத்தது. கடைசியில் "முத்தம் கேட்கும்போது தொற்றுமா என்று கேட்டார்கள்" என்று எழுதி, அப்படியே விட்டுவிட்டேன். கிரீமுக்கு: "14 வயது முதல் 34 வரை. தினமும் காலையில் 20 நிமிடம். மழை வந்தால் மறுபடியும்."

வரைந்தவர்கள் 23 பேர். ஒருவர் முழங்கைத் திட்டுக்குள் இருக்கும் பழுப்புப் புள்ளிகளை எண்ணிக்கொண்டே ஒவ்வொன்றையும் வட்டமிட்டார். உதடு அசைவதைப் பார்த்தேன், 31-இல் நின்றது. எனக்கே அந்த எண்ணிக்கை தெரியாது.

கிரீமை ரொம்ப நேரம் யாரும் தொடவில்லை. அட்டையைப் படித்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். பிறகு ஒரு வயதான அம்மா வந்தார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார், விரல் நுனியில் கொஞ்சம் எடுத்தார். என் கையைப் பிடிக்கக் கையை நீட்டினார். வேண்டாம் என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அவர் கை அந்தரத்தில் நின்றது. விரலில் ஒட்டியிருந்த கிரீமை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துணி எதுவும் நான் வைக்கவில்லை. கடைசியில் தன் புறங்கையிலேயே தடவிக்கொண்டார். அவர் என்னைவிட நல்ல சிவப்பு. என் நிறம் அவர் கையில் ஒரு திட்டாக நின்றது. அதோடு போய்ச் சுவரோரம் நின்று, நான் எழுந்திருக்கும் வரை போகவில்லை. எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. ஒரு வயதானவரின் கையை அந்தரத்தில் நிற்கவைத்துவிட்டேனே என்றுதான் இருந்தது. ஆனால் வயிற்றில் பிசையவில்லை.

2 மணி 10 நிமிடத்தில் எழுந்தேன். கால் மரத்துப் போய்விட்டது, வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஒத்திகையில் பூசிய என் தோழியும் வந்திருந்தாள். பென்சிலை எடுத்து வலது கையில் ஆரம்பித்தாள். நடுவிலேயே நிறுத்திவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காட்டி, "இது முன்னாடி இல்லையே" என்றாள். இல்லைதான். அக்கா சொன்னது நடந்துவிட்டது. குழாயடியில் மையைத் தேய்த்த இடத்தில் மூன்றாவது வாரம் வெளுக்கத் தொடங்கியது. இப்போது பென்சில் முனை அளவுக்கு மூன்று புள்ளிகள் இருக்கின்றன, சேரும் போலிருக்கிறது. மருத்துவரைப் பார்த்தாயிற்று, களிம்பு போடுகிறேன்.

அவளிடம் அங்கே எதுவும் சொல்லவில்லை. எட்டாவது அட்டையை நேற்றுதான் எழுதினேன். ஒத்திகை நடந்த தேதியைப் போட்டு, கீழே "நானே தேய்த்தது" என்று எழுதியிருக்கிறேன்.